கேப்டனை நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விஜயகாந்த் போன பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் டிசம்பரிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோயம்பேட்டுக்கு எப்படிப் போவது என்பதில் ஆரம்பித்து, ‘அவரைக் கிண்டல் பண்ணியவன் நான், இப்போது அழலாமா’ என்பது வரை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் கேட்கிறவர்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம். நான் பழைய மன்றக்காரன். கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது. அதனால் சில பதில்கள் கட்சிக்காரர்களுக்கு உறைக்கலாம், சில ரசிகர்களுக்கு.

எப்போது இறந்தார்? உடம்புக்கு என்ன?

2023 டிசம்பர் 28, வியாழக்கிழமை காலை, சென்னை மியாட் மருத்துவமனையில். நுரையீரல் அழற்சி, கூடவே கொரோனா தொற்று, வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். வயது 71.

அது திடீர்ச் சாவு இல்லை. பல வருடங்களாகவே உடம்பு சரியில்லை. அந்த வருடம் நவம்பர் 18 அன்று மருத்துவமனையில் சேர்த்து, டிசம்பர் 11 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 14ஆம் தேதி திருவேற்காட்டில் நடந்த கட்சிப் பொதுக்குழுவுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். வெளியில் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றி அடித்த மனிதர், நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் சரிய, பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். என்னைக் கேட்டால், பாதிப் பேருக்குத் துக்கம் 28ஆம் தேதி ஆரம்பிக்கவில்லை. அந்த வீடியோவைப் பார்த்த 14ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டது.

அந்த இரண்டு நாளும் என்ன நடந்தது? ஊரில் இருந்ததால் வர முடியவில்லை.

28ஆம் தேதி சாலிகிராமம் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோயம்பேடு கட்சி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வளாகம் அவ்வளவு கூட்டத்தைத் தாங்கவில்லை. நூறடிச் சாலை அப்படியே நின்றுபோனது. அதனால் 29ஆம் தேதி காலையில் தீவுத்திடலுக்கு மாற்றினார்கள். ரஜினி, கமல் எல்லோரும் அங்கேதான் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். மதியத்துக்கு மேல் பெரியார் ஈ.வெ.ரா. சாலை வழியாக ஊர்வலம் கிளம்பி, மறுபடியும் கோயம்பேடு. அரசு மரியாதையோடு, சந்தனப் பேழையில், கட்சி அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அப்போது இருட்டிவிட்டது.

வர முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். வந்தவர்களிலும் பெரும்பாலோர் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டோரத்தில் நின்று வண்டி போவதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பாலத்தின் மேலும் மாடிகளிலும் ஆட்கள். பூ வீசியவர்கள் பாதி, செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் பாதி.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஞாபகம் வந்தது 2001 ஜூலை. சிவாஜி மறைந்தபோது நடிகர் சங்கத் தலைவர் இவர். இறுதி ஊர்வலத்தில் நெரிசலை விலக்கி, வழி ஏற்படுத்தி, வேர்த்து விறுவிறுத்து முன்னால் நின்ற அந்தப் பழைய காட்சி இன்றும் செல்போன்களில் சுற்றுகிறது. இவருடைய ஊர்வலத்தில் அந்த வேலையைச் செய்ய இவர் மாதிரி ஒருவர் இல்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். உண்மைதான்.

‘கேப்டன்’ என்ற பெயர் எப்படி வந்தது?

1991 ஏப்ரலில் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ அவருக்கு 100ஆவது படம். ஆர்.கே.செல்வமணி இயக்கியது. 100ஆவது படம் ஓடாது என்று கோடம்பாக்கத்தில் ஒரு பயம் அப்போது உண்டு. பெரிய நடிகர்கள் பலருக்கும் அது காலை வாரியிருந்தது. இது வெள்ளி விழா பக்கம் போய் நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் பாட்டி முதல் தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கேப்டன். அதற்கு முன்னால் ‘புரட்சிக் கலைஞர்’. மதுரைப் பக்கம் சிலருக்கு ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’

நினைவிடம் எங்கே? எப்படிப் போவது?

கோயம்பேடு நூறடிச் சாலையில், தேமுதிக தலைமை அலுவலக வளாகத்தில். ‘கேப்டன் ஆலயம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் ‘கேப்டன் சமாதி’ என்றாலே போதும்.

சென்ட்ரலிலோ எழும்பூரிலோ ரயிலில் இறங்குகிறவர்கள் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறி, கோயம்பேட்டிலோ அதற்கு அடுத்த பேருந்து நிலைய நிறுத்தத்திலோ இறங்கலாம். பேருந்தில் வரும் தென்மாவட்டக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று, அதாவது அவரை அடக்கம் செய்த மறுநாள், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள். மதுரை, திருநெல்வேலி வண்டிகள் அங்கேயே நின்றுவிடும். முன்பெல்லாம் விடிகாலையில் கோயம்பேட்டில் இறங்கி முகம் கழுவி நேராக நடந்துவிடலாம். இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்து பிடித்து வர வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வளாகத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அது அவர் அப்பா அம்மா பெயரில் கட்டிய ஆண்டாள் அழகர் கல்யாண மண்டபம். மேம்பாலம் கட்டுவதற்காக 2007இல் ஒரு பகுதியை இடித்தார்கள். பழிவாங்கல் என்று அவர் சொன்னார், சாலை வசதி என்று அரசு சொன்னது. மிச்சமிருந்த இடம்தான் கட்சி அலுவலகமாகி, இப்போது சமாதியும் ஆகியிருக்கிறது.

கட்சிக்காரர் இல்லாதவர் போகலாமா? பெண்கள் தனியாக வரலாமா?

தாராளமாக. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நினைவுநாள், பிறந்தநாள் இரண்டையும் தவிர்த்து வந்தால் நிம்மதியாக நின்று கும்பிடலாம்.

அங்கே போனால் என்ன செய்வது வழக்கம்?

வழக்கம் என்று எழுதி வைத்த விதி கிடையாது. மாலை போடுகிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள். வெறுமனே வந்து ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எல்லாம் சரிதான். பெரும்பாலோர் கடைசியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நினைவிடத்தில் தினமும் அன்னதானம் நடக்கிறது. ‘நமக்கு எதற்கு, இல்லாதவர்கள் சாப்பிடட்டும்’ என்று கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அலுவலகத்தில் அப்படி யாரையும் பிரித்ததில்லை. உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஏன் எல்லோரும் அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள்? நடிகர்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்போதைய படப்பிடிப்புத் தளங்களில் சாப்பாட்டுக்கும் சாதி இருந்தது. கதாநாயகனுக்கும் இயக்குநருக்கும் ஒரு சாப்பாடு, அடுத்த வரிசைக்கு ஒன்று, லைட்மேன், செட் உதவியாளர், சண்டைக் கலைஞர்கள், கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர்கள் இவர்களுக்கெல்லாம் வேறொன்று. பொட்டலச் சாதம் வரும். அது வரும்போது மணி மூன்றாகியிருக்கும். விஜயகாந்த் பட யூனிட்டில் இது மாறியது. நாயகன் சாப்பிடும் கறிதான் லைட்மேன் தட்டிலும். இலையைப் பார்த்து ‘இவனுக்கு ஏன் மீன் வைக்கவில்லை’ என்று அவரே கேட்டுப் பரிமாறச் சொன்ன கதையை அவரோடு வேலை செய்த எத்தனையோ பேர் மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கதை மாறுவதில்லை.

இன்னொன்று, தி.நகர் ராஜாபாதர் தெரு அலுவலகம். மதுரையிலிருந்து கூடவே வந்த நண்பர் இப்ராகிம் ராவுத்தர் நடத்திய ராவுத்தர் பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. வாய்ப்புத் தேடி சென்னைக்கு வந்து, கையில் காசில்லாமல் பாண்டி பஜாரில் சுற்றிக்கொண்டிருந்த உதவி இயக்குநர்களுக்கு மத்தியானம் ஒரு முகவரி தெரியும். யார், எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தாய் என்ற கேள்வி கிடையாது. பசிக்கிறவன் உட்காரலாம். பிற்காலத்தில் பெயர் வாங்கிய பலர் அங்கே கை நனைத்தவர்கள்.

இது தர்மம் மட்டுமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவரே மதுரையில் அப்பாவின் அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர். பசி தெரிந்து வளர்ந்த பையன் இல்லை. ஆனால் சென்னைக்கு வந்த புதிதில், நிறத்தைச் சொல்லியும் ஊர்ப்பேச்சைச் சொல்லியும் எத்தனையோ அலுவலக வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர். வாசலில் நிற்கவைப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அதைத் தன் வாசலில் நடக்கவிடவில்லை.

அதனால்தான் அவர் போனபோது, நடித்த காட்சியைச் சொல்லி அழுதவர்களைவிட, போட்ட சோற்றைச் சொல்லி அழுதவர்கள் அதிகம். தமிழ் சினிமாவில் வேறு எந்த நாயகனுக்கும் இப்படி நடந்து நான் பார்க்கவில்லை. எம்.ஜி.ஆரை மட்டும் வேண்டுமானால் பக்கத்தில் வைக்கலாம்.

நடிகர் சங்கக் கடனை அவர்தான் அடைத்தாரா?

ஆம், அவர் தலைவராக இருந்த காலத்தில்தான். 2002இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திரக் கலைநிகழ்ச்சி நடத்தி, வந்த பணத்தில் சங்கத்தின் பழைய கடன் அடைந்தது. ரஜினி, கமல் உட்பட ஏறக்குறைய மொத்தத் திரையுலகத்தையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அத்தனை நட்சத்திரங்களைச் சண்டையில்லாமல் ஒரே விமானத்தில் உட்காரவைப்பது, கடன் அடைப்பதைவிடப் பெரிய காரியம்.

படங்கள் எதுவும் பார்த்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

150க்கு மேல் நடித்திருக்கிறார், எல்லாம் தமிழில்தான். 1984இல் மட்டும் 18 படம். எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லமாட்டேன். சிலவற்றிலிருந்து நாங்களே இடைவேளையில் எழுந்து வந்திருக்கிறோம்.

நான் கைகாட்டுவது முதலில் ‘வைதேகி காத்திருந்தாள்’. 1984, ஆர்.சுந்தர்ராஜன். அதில் அவர் வெள்ளைச்சாமி. காதலித்தவளைப் பறிகொடுத்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக் காலத்தைத் தள்ளும் ஆள். சண்டைக்காரர் என்று பெயர் எடுத்திருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே அந்தப் படத்தின் பலம். இளையராஜா இசையில் ஜெயச்சந்திரன் பாடும் ‘ராசாத்தி உன்ன’ வரும்போது அவர் பெரிதாக எதுவும் செய்யமாட்டார். தாடியும் கண்ணும்தான். துக்கத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை அவரே நடித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றும். ஜெயச்சந்திரனும் 2025 ஜனவரியில் போய்விட்டார். அந்தப் பாட்டை இப்போது கேட்பது இன்னும் கஷ்டம்.

அப்புறம் ‘ஊமை விழிகள்’, 1986. திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த பையன்களை நம்பி, சின்னச் சம்பளமோ பெரிய சம்பளமோ என்று பார்க்காமல், தன் வயதைவிட மூத்த காவல் அதிகாரியாக நடித்தார். அந்தக் கதவு திறந்ததால்தான் கல்லூரி மாணவர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ‘அம்மன் கோவில் கிழக்காலே’, ‘செந்தூரப்பூவே’, ‘புலன் விசாரணை’, ‘சத்ரியன்’, ‘சின்னக் கவுண்டர்’ இவை அடுத்த வரிசை. 2000க்குப் பிறகு என்றால் ‘வானத்தைப் போல’யும் ‘ரமணா’வும். முதலாவது அம்மாக்களுக்கு, இரண்டாவது அப்பாக்களுக்கு என்று எங்கள் வீட்டில் ஒரு பிரிவினை உண்டு.

‘சகாப்தம்’ வரை எல்லாம் பார்த்தே தீருவேன் என்பவர்களைத் தடுக்க முடியாது.

நான் அவரை மீம் போட்டுக் கிண்டல் பண்ணியவன். இப்போது அஞ்சலி போடுவது போலித்தனம் இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் கேட்கிறார்கள்.

முதலில், எல்லா மீமும் ஒன்றில்லை. தீவிரவாதியைப் பிடித்து வைத்துப் புள்ளிவிவரம் ஒப்பிக்கும் காட்சியை, சிவந்த கண்ணை, சுவரில் ஏறி உதைப்பதைக் கிண்டல் பண்ணினால் அது படத்தைக் கிண்டல் பண்ணுவது. நாங்களும் தியேட்டரிலேயே சிரித்திருக்கிறோம். விசிலும் நாங்கள்தான், சிரிப்பும் நாங்கள்தான். அதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை.

வேறொன்று நடந்தது. உடம்பு முடியாமல் நாக்கு குழறியபோது ‘சரக்கு’ என்றார்கள். மேடையில் கை நடுங்கியதை, வார்த்தை மறந்ததை வெட்டி ஒட்டிச் சிரித்தார்கள். 2014இலிருந்து 2016 வரை அரசியல் எதிரிகளும் சும்மா இருந்தவர்களும் சேர்ந்து அதை ஒரு தொழிலாகவே செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதருக்கு அப்போதே நோய். அமெரிக்கா வரை போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 2018இல் கலைஞர் மறைந்த செய்தி கேட்டு அங்கிருந்தபடியே தேம்பி அழுத வீடியோ வந்தது. திரும்பி வந்ததும் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மெரினாவுக்குப் போனார். அந்த அழுகையில்தான் பல பேர் முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அந்த ரகத்தில் நீங்கள் ஏதாவது போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுத வேண்டியதில்லை. எழுதினால் அதற்கு வரும் லைக்கைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பேசாமல் போய் நான்கு பேருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அஞ்சலி போடலாமா என்றால், போடுங்கள். தடுக்க நாங்கள் யார்? டிசம்பர் 28 அன்று அழுதவர்களில் பாதிப் பேருக்காவது அந்தக் கண்ணீரில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி கலந்திருந்தது. ஓட்டுப் போடாத குற்ற உணர்ச்சியும் அதில் சேர்த்தி. எனக்கும்தான்.

சில நடிகர்கள் அஞ்சலிக்கு வரவில்லையே?

இழவு வீட்டில் வருகைப் பதிவேடு வைப்பது நம் ஊர்க் கெட்ட பழக்கம். வராதவர் பெயரைச் சொல்லித் திட்டுவதால் போனவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைவிட மோசம், வந்தவரை அவமதிப்பது. 28ஆம் தேதி இரவு விஜய் வந்தபோது கூட்டத்திலிருந்து யாரோ செருப்பை வீசினார்கள். விஜய்யின் அப்பா எஸ்.ஏ.சந்திரசேகர்தான் 1981இல் ‘சட்டம் ஒரு இருட்டறை’ எடுத்து விஜயகாந்தைத் தூக்கி நிறுத்தியவர். ‘செந்தூரப்பாண்டி’ படத்தில் அந்தப் பையன் விஜய்க்காக இவர் கூடவே நின்று நடித்தார். இரண்டு வீட்டுக்கும் இருந்த உறவு தெரிந்தவன் அந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டான்.

எங்கள் அப்பா இன்னும் அழுகிறார். சொந்த அண்ணன் போனதற்குக்கூட இப்படி அழவில்லை. இது சரியா?

அவர் அழுவது ஒரு நடிகருக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். இருபது வயதில் சைக்கிளில் போஸ்டர் பசை வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க ஊர் சுற்றிய ஞாபகம், கூட ஒட்டிய நண்பர்கள், இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்ட அந்த தியேட்டர் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ‘நடிகனுக்குப் போய் அழுகிறீர்களே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் படம் முதல் நாள் பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள் என்று கேளுங்கள். நிறுத்த முடியாமல் பேசுவார்.

சாப்பாடு இறங்காமல், தூங்காமல், ‘இனி எதற்கு இருக்க வேண்டும்’ என்ற பேச்சு வந்தால் அது வேறு. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 104 அல்லது 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால் இலவசமாகப் பேசுவார்கள். 1987இல் எம்.ஜி.ஆர். போனபோது தீக்குளித்தவர்களின் குடும்பங்கள் என்ன ஆயின என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தலைவனுக்காக உயிர் என்பதெல்லாம் வசனத்தில் இருக்கட்டும்.

மொட்டை அடிப்பது, காரியம் செய்வதெல்லாம் ரசிகர்கள் செய்யலாமா?

செய்தார்கள். பெற்ற பிள்ளை மாதிரி மொட்டை அடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நினைவுநாளைக் கட்சி ‘குருபூஜை’ என்று நடத்துகிறது. தென்மாவட்டத்து வழக்கம் அது. எங்கள் பக்கத்துக்காரருக்கு எங்கள் பக்கத்து மரியாதை.

எங்கள் தெருவில் நினைவுநாளுக்குச் சாப்பாடு போட வேண்டும். எப்படி நடத்துவது?

இதற்குத்தான் நான் ஆசையாகப் பதில் எழுதுவேன்.

பணத்தை முதலில் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள், மிச்சமிருந்தால் மைக் செட். பெரும்பாலான இடங்களில் தலைகீழாக நடக்கிறது. சமையல் மாஸ்டர் நூறு பேருக்குப் பத்து கிலோ அரிசி என்பார். தெருவில் போடுவதென்றால் பன்னிரண்டாக வையுங்கள். வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் ஆளுக்கும் ஒரு பொட்டலம் கேட்பார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது. பிரியாணி போட முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு முட்டை. பட்ஜெட் இடித்தால் ஆட்களைக் குறையுங்கள், முட்டையைக் குறைக்காதீர்கள்.

முதல் பந்தியில் நிர்வாகிகள் உட்காரக் கூடாது. போட்டோ எடுக்கிறவரை அண்டா பக்கம் விடாதீர்கள். ஒரு பொட்டலத்தை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க, வாங்க வந்த கிழவி கையை நீட்டியபடியே நிற்கும் படத்தை எத்தனை தடவை பார்த்தாகிவிட்டது! துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கூட்டம் போன பிறகு இலையை அள்ளுவது அவர்கள்தான்; அவர்கள் வரும்போது அண்டா காலியாக இருந்தால் அது கேப்டன் பெயரில் நடந்த சாப்பாடு இல்லை.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுங்கள். தண்ணீர் கேன் எண்ணி வாங்குங்கள், எப்போதும் குறைவது அதுதான்.

பெரிய பேனர் வைக்கலாமா?

வேண்டாம். 2019இல் பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் உயிர் போனது. அனுமதியில்லாத பேனருக்கு நீதிமன்றத் தடையும் இருக்கிறது. ஒரு மேசை, வெள்ளைத் துணி, மாலை போட்ட ஒரு படம் போதும். படத்துக்கு வேட்டி சட்டையில் சிரிக்கிற முகமா, துப்பாக்கி பிடித்த முகமா என்று ஒவ்வொரு வருடமும் சண்டை வரும். சிரிக்கிற முகமே இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவில் அவரைத் திரும்பக் கொண்டுவருவது பிடித்திருக்கிறதா?

2024இல் ‘தி கோட்’ படத்தில் குடும்பத்தின் அனுமதியோடு அவர் முகம் வந்தது. தியேட்டரில் கத்தினோம், மறுக்கவில்லை. 2025இல் மகன் சண்முகபாண்டியன் நடித்த ‘படை தலைவன்’ படத்திலும் அப்படி வந்தது. அனுமதி இல்லாமல் யாரும் அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் மனைவி பிரேமலதா அறிக்கையே விட்டார். அது நியாயம்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்த முகத்தைவிட ‘லப்பர் பந்து’தான் பெரிய அஞ்சலி. அதில் அவர் ஒரு காட்சியிலும் இல்லை. ஊர்க் கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கும் ஒரு நடுத்தர வயது ரசிகன் இருக்கிறான், அவன் களத்தில் இறங்கும்போது ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் பழைய பாட்டு ஒலிக்கிறது. அவ்வளவுதான். 1989இல் வந்த பாட்டுக்கு 2024இல் கல்லூரிப் பையன்கள் எழுந்து ஆடினார்கள். 2025 ஆகஸ்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ மறுபடி வெளியானபோதும் முன்வரிசையில் அந்த வயதுக்காரர்கள்தான்.

அரசியலை விட்டுவிட்டு அவரை நினைக்க முடியாதா?

முடியாது, வேண்டியதும் இல்லை. 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கி, 2006இல் தனியாக நின்று விருத்தாசலத்தில் ஜெயித்தார். 2011இல் அதிமுக கூட்டணியில் 29 இடம், ரிஷிவந்தியத்தில் வெற்றி, எதிர்க்கட்சித் தலைவர். 2012இலேயே சட்டமன்றத்தில் ஜெயலலிதாவோடு முட்டிக்கொண்டார். 2016இல் மக்கள் நலக் கூட்டணி முதல்வர் வேட்பாளராக நின்று உளுந்தூர்பேட்டையில் தோற்றார். ஏறியது பத்து வருடம்கூட இல்லை, இறங்கியது அதைவிட வேகம். தப்பும் செய்தார், கோபத்தில் பேசக் கூடாததும் பேசினார். புகழ்பாடும் கூட்டத்தில் இதைச் சொன்னால் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

பத்ம பூஷண் அவர் உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கலாமே?

கொடுத்திருக்கலாம். 2024 ஜனவரி 25 அன்று அறிவித்து, மே மாதம் டெல்லியில் பிரேமலதா வாங்கினார்.

வீட்டில் பழைய மன்ற அட்டை, பாட்டுப் புத்தகம், போஸ்டர் எல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?

பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போடாதீர்கள். நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், மன்ற ரசீது, முதல் காட்சி டிக்கெட் எதுவானாலும் செல்போனில் தெளிவாகப் படம் எடுத்து, பின்பக்கம் ஊர், தியேட்டர், வருடம் குறித்து வையுங்கள். போஸ்டரை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் கிழியும். ரப்பர் பேண்டு போட்டால் சென்னை வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும், பருத்தி நூலால் கட்டுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தமிழில் அச்சான பழையவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடம், கேட்டுப் பாருங்கள்.

இந்த வருடம் டிசம்பர் 28 அன்று கோயம்பேட்டுக்கு வரலாம் என்றிருக்கிறோம். ஏதாவது கொண்டுவர வேண்டுமா?

மாலை வேண்டாம், ஏற்கெனவே மலையாகக் கிடக்கும். வயதானவர்களைக் கூட்டிவந்தால் தொப்பி, தண்ணீர் பாட்டில், மாத்திரை. பரிமாற ஆள் எப்போதும் பற்றாது. கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.